டிரெய்லருக்கு டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி): வால்வில் மாட்டுவதா, டயருக்குள் வைப்பதா?

முதல்பயணம்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு கவலையோடு கேட்கிறேன் என்பது புரியும்.

என்னுடையது இரண்டு அச்சு, நான்கு சக்கரம், சுமார் 8 மீட்டர் நீளமுள்ள ஆர்வி டிரெய்லர், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி. பழையதாக வாங்கியது. பிக்கப் வண்டியில் கோத்து இழுக்கிறேன். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்துத் தடத்தில் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துப் பின்பக்கம் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் வலதுபக்கம் கறுப்புத் துண்டுகள் பறக்கின்றன. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தில் டயர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, ரிம்மைச் சுற்றிக் கம்பியும் நாரும்தான் தொங்கின. மட்கார்டு பிளந்திருந்தது. கழிவுநீர்த் தொட்டியின் குழாய் உடைந்து, சக்கரத்துக்கு மேலே போகும் ஒயரும் அறுந்திருந்தது.

காற்று எப்போது இறங்கத் தொடங்கியது, வெறும் டயரில் எவ்வளவு தூரம் ஓடினேன், எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டீயரிங்கில் ஒரு துளி அதிர்வுகூட இல்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள்கூட விழிக்கவில்லை. அந்த லாரிக்காரர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

அதனால் டிபிஎம்எஸ் வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எதை வாங்குவது? வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார் இருக்கிறது, டயருக்குள்ளே வைப்பதும் இருக்கிறது. வெளியே மாட்டுவதால் வால்வில் காற்றுக் கசியும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். சென்சாரின் சிக்னலை வாங்கி முன்னால் அனுப்பும் ரிப்பீட்டர் 8 மீட்டருக்குத் தேவையா? அலாரத்தை எந்த அளவில் வைப்பது? பிக்கப்பிலேயே டயர் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே, அது டிரெய்லரைக் கவனிக்காதா?

டயர் விவரம்: டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி வகை, 15 அங்குலம், லோட் ரேஞ்ச் ஈ (பாரம் தாங்கும் வகுப்பு), பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. வால்வு சாதாரண ரப்பர் வால்வு.

---

தூரத்துப்பாதை

தம்பி, யாருக்கும் அடிபடாமல் வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிய நிம்மதி. டிரெய்லர் டயர் போவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாக நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு அச்சு வண்டியில் ஒரு டயர் தளர்ந்தால் அதன் பாரத்தைப் பக்கத்து டயர் ஏற்றுக்கொண்டுவிடும். வண்டி சாயாது, இழுக்காது. தளர்ந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் கிழியும். பெரும்பாலும் இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் டிபிஎம்எஸ் நமக்கு வாங்கிக் கொடுக்கிறது. நானும் என் கணவரும் பதினோரு வருடமாக டிரெய்லர் இழுக்கிறோம், ஒருதடவை அது எங்களையும் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த சென்சார் என்று பார்ப்பதற்கு முன்னால் வால்வைப் பாருங்கள். உங்கள் பதிவில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தக் கடைசி வரிதான். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 தாங்கும் உயர் அழுத்த ரப்பர் வால்வு தனியாக உண்டு, ஆனால் பழைய வண்டியில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கட்டைவிரலால் வால்வைப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்து, அது ரிம்மைத் தொடும் அடிப்பகுதியைப் பாருங்கள். முடிபோல வெடிப்பு தெரிந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்தது. உடைந்த டயரையே தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதன் வால்வையும் ஒருமுறை பாருங்கள், காற்று போன வழி அதுவாகவும் இருக்கலாம்.

சென்சாரால் கசியும் என்று உங்களிடம் சொன்னவர் பாதி சரி. கையில் வைத்தால் 15 கிராம்கூட இருக்காது. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரில் உங்கள் டயர் சுற்றும்போது வால்வு இருக்கும் இடத்தில் எந்தப் பொருளும் ஏறக்குறைய நூறு மடங்கு கனமாக இழுக்கும். அந்த 15 கிராம் ஒன்றரைக் கிலோவாகி ரப்பர் வால்வை வெளிப்பக்கம் வளைக்கிறது. மணிக்கணக்காக இப்படி நின்றால் ரப்பர் அடியில் வெடிக்கும். நட்டுப் போட்டு ரிம்மில் முறுக்கும் உலோக வால்வு அசையாது. ஆகவே முதலில் நான்கு சக்கரத்துக்கும் உலோக வால்வு போடுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. புது டயர் மாட்டும்போதே சொல்லிவிட்டால் டயரைத் தனியாகக் கழற்ற வேண்டிய வேலை மிச்சம். பித்தளை வால்வாகக் கேளுங்கள். சென்சாரின் உள்நூலும் பெரும்பாலும் பித்தளைதான். அலுமினிய வால்வில் பித்தளையை மாட்டினால் ஈரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அரித்து இறுகிப்போகும். அப்புறம் சென்சாரைத் திருகினால் வால்வே முறிந்து கையோடு வரும்.

சரி, இப்போது சென்சாருக்கு வருகிறேன். டிரெய்லருக்கு நான் வெளியே மாட்டுவதையே சொல்வேன். டயருக்குள்ளே வைப்பது வெப்பநிலையைச் சரியாகக் காட்டும், கல் படாது, யாரும் திருட முடியாது. ஆனால் பாட்டரி தீர்ந்தால் டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். பல வகைகளில் பாட்டரியை மாற்றவே முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். வெளியே மாட்டுவதில் சிறு நாணய பாட்டரியை நாமே மாற்றலாம். பாட்டரி மாற்ற முடியாதபடி ஒட்டி மூடிய வெளி சென்சாரும் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள்.

வெளியே மாட்டுவதிலேயே இரண்டு இருக்கிறது. ஒன்று வெறும் மூடி, காற்று அடிக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும். இன்னொன்றில் சென்சாரின் வழியாகவே காற்று அடிக்கலாம். வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அது நீளம், கனமும் அதிகம், கசிவதற்கு இன்னொரு இடமும் சேர்கிறது. நாங்கள் இரண்டு வருடம் அதை வைத்திருந்துவிட்டு மூடிக்கே திரும்பிவிட்டோம். ஒன்று நினைவிருக்கட்டும்: எந்த வெளி சென்சாரும் வால்வின் ஊசியை அழுத்தித் திறந்தபடியேதான் உட்கார்ந்திருக்கும். அதாவது அதை மாட்டியபின் காற்றை அடைத்து நிற்பது சென்சாரின் ரப்பர் வளையம் மட்டும். அந்த வளையம் நைந்தாலோ, பாதையோரக் கல்லில் இடித்துச் சென்சார் உடைந்தாலோ காற்று போகும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கடுகு அளவுக் குமிழி மெதுவாக வந்தாலும் விடாதீர்கள். கையால் திருகினால் போதும், பிளையர் போட்டு இறுக்கினால் வளையம் நசுங்கிவிடும்.

அடுத்தது அளவு. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பக்கச்சுவரில் இருக்கும் 80 என்பது ஆறிய டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், வெயில் படக்கூடாது. வண்டி நிற்கும்போது ஒருபக்கம் காலை வெயில் அடித்தால் அந்தப்பக்க டயர்கள் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அந்தப்பக்கம் காற்றை இறக்கினால் நிழல் வந்ததும் குறைவாகிவிடும். விடியற்காலையில் நல்ல கேஜ் ஒன்றால் நான்கையும் 80-க்கு வைத்துவிட்டு, அந்த 80-ஐயே, சென்சார் அனுப்பும் எண்களைக் காட்டும் மானிட்டரில் அடிப்படை அளவாகக் கொடுங்கள். ஓடிவந்த சூட்டில் மானிட்டர் காட்டும் எண்ணை ஒருநாளும் அடிப்படையாக வைக்காதீர்கள். கீழ் அலாரம் 10 சதவீதம், அதாவது 72. மேல் அலாரம் 25 சதவீதம், 100. வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ். எங்கள் வண்டியில் இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஓடத் தொடங்கியதும் எண் ஏறும், பயந்துவிடாதீர்கள். 80 பிஎஸ்ஐ டயரில் உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ ஏறும். வெயில் நாளில் ஒரு மணி நேரம் ஓடினால் 88, 90 வரும். டயர் செய்தவர்கள் இதையும் கணக்கில் எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். எண் அதிகம் என்று வழியில் நிறுத்திச் சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. இறக்கினால் ஆறியபின் குறைவாக இருக்கும், அடுத்த ஓட்டத்தில் இன்னும் மடங்கி இன்னும் சூடாகும்.

இப்போது எங்களைக் காப்பாற்றிய கதை. அன்று அலாரம் அடிக்கவே இல்லை. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழக்கம்போல நான்கு எண்களையும் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று டயர் 89, 89, 90. இடது முன்டயர் மட்டும் 94, வெப்பநிலையும் மற்றதைவிட 9 டிகிரி கூடுதல். வெயில் வலதுபக்கம் அடித்துக்கொண்டிருந்தது, அதனால் வெயில் காரணமில்லை. "இடதுபக்கம் ஏதோ சரியில்லை, நிறுத்துங்கள்" என்றேன். இறங்கிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது, கருகிய வாடை வேறு. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி ஓடியிருந்தால் பேரிங் கிரீஸ் உருகிச் சக்கரமே போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பிரேக் சரிசெய்து வாங்கியிருந்தோம், ஒருபக்கம் மட்டும் அதிகமாக முடுக்கிவிட்டிருந்தார்கள்.

அதனால் நான் சொல்வேன், அலாரத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நான்கு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெளி சென்சார் வால்வின் நுனியில், காற்றடிக்கும் இடத்தில் இருக்கிறது. அது காட்டும் வெப்பநிலை டயருக்குள் இருப்பதைவிடக் குறைவு. 70 டிகிரி வந்து அலாரம் அடிக்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். ஆனால் நான்கும் ஒரேமாதிரிதான் குறைத்துக் காட்டும், ஆகவே ஒன்று மட்டும் விலகினால் அது பொய் சொல்லாது. வாங்கும்போது எல்லா டயரையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டுகிற மானிட்டராகப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாறிமாறிக் காட்டும் திரையில் இந்த ஒப்பீடு கைவராது.

இன்னொன்று. டயரின் உள்ளே இருக்கும் இழைக்கட்டு பிரிந்து வெடிப்பதை எந்த சென்சாரும் முன்கூட்டிச் சொல்லாது, ஏனென்றால் வெடிக்கும் நொடிவரை காற்று சரியாகவே இருக்கும். பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். பட்டன் (சாலையில் படும் ரப்பர்) தேயாமல் இருந்தாலும் ஆறாவது வருடத்தில் நாங்கள் மாற்றிவிடுவோம். ஒருபக்கம் புடைப்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும் எங்கள் காலை வேலையில் ஒன்று.

---

ஆறுசக்கரம்

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிக்கப் விளக்கைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். அது பிக்கப்பின் நான்கு டயரை மட்டும்தான் பார்க்கும். டிரெய்லருக்கும் சென்சார் சேர்க்கும் வசதி சில புதிய பிக்கப்களில் வந்திருக்கிறது, அப்படி இருந்தால் உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கும். அமெரிக்காவில் 2007 முதல் எல்லாப் புதிய கார்களிலும் சிறு லாரிகளிலும் இந்த விளக்கு கட்டாயம், ஆனால் அந்த விதி டிரெய்லரைத் தொடவில்லை. மேலும் அந்த விதிப்படி அளவு 25 சதவீதம் குறைந்தபிறகு விளக்கு எரிந்தால் போதும். உங்கள் 80-க்கு அதே கணக்கைப் போட்டால் 60. பாரம் முழுக்க ஏற்றிய டயர் 60-ல் நெடுஞ்சாலையில் ஓடுவதை நான் விரும்ப மாட்டேன்.

மோட்டார்ஹோம் (இன்ஜினோடு தானே ஓடும் ஆர்வி) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கச்சுவர் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வண்டியில் பின்னால் இரட்டைச் சக்கரம். பொருட்கள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் ஒவ்வொரு சக்கர முனையையும் தனித்தனியாக எடைபோட்டு, டயர் நிறுவனம் கொடுக்கும் பார அட்டவணையில் அந்த எடைக்கு என்ன அழுத்தம் என்று பார்த்து வைக்கிறேன். ஒரே அச்சில் கனமான பக்கம் எதுவோ அதற்கான அளவுதான் இரண்டு பக்கத்துக்கும். எனக்கு டிபிஎம்எஸ் இல்லாமல் முடியாததற்குக் காரணம் உள்சக்கரம். அது தளர்ந்தால் வெளிச்சக்கரம் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும், பார்த்தாலும் தெரியாது, தட்டிப் பார்த்தாலும் நிச்சயமில்லை. உள்சக்கர வால்வு எட்டவில்லை என்று வளையும் குழாய் நீட்டிப்பு போட்டு அதன் நுனியில் சென்சாரை மாட்டாதீர்கள். எனக்கு இரண்டு முறை குழாய் இணைப்பில்தான் காற்று போனது. வளையாத நீண்ட உலோக வால்வு போட்டபிறகு அந்தத் தொல்லை இல்லை.

---

ஈயப்பற்று

ரிப்பீட்டர்: 8 மீட்டருக்கு வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த சென்சார்கள் மிகக் குறைந்த சக்தியில் அனுப்புகின்றன. நடுவில் இரும்புச் சட்டம், ரிம், தண்ணீர்த் தொட்டி, பிக்கப்பின் பின்தகடு எல்லாம் மறிக்கும். நின்ற இடத்தில் நன்றாக வந்துவிட்டு ஓடும்போது விட்டுப்போவதும் உண்டு. ரிப்பீட்டரை டிரெய்லரின் முன்சுவருக்கு உட்புறம், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். 12 வோல்ட்டில் ஃபியூஸ் போட்டு, தனி ஸ்விட்ச் ஒன்றும் போடுங்கள். நேரடியாகக் கொடுத்தால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது பாட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை செய்யுங்கள். டிரெய்லரைக் கோத்து, இன்ஜின் ஓட, வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். நீங்கள் பின்னால் போய் ஒரு சென்சாரைக் கழற்றுங்கள். அந்த சென்சாருக்கு அழுத்தம் சட்டென்று பூஜ்யமாகிவிடும், மானிட்டர் உடனே அலற வேண்டும். நான்கையும் ஒவ்வொன்றாக இப்படிப் பாருங்கள், எந்த சக்கரத்தின் சென்சாரைக் கழற்றினீர்களோ திரையில் அதே சக்கரம் மின்னுகிறதா என்பதையும். என் நண்பர் ஒருவர் இடதும் வலதும் மாற்றிப் பதிந்திருந்தது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. நின்ற வண்டியில் சென்சார்கள் பாட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும், கிளம்பிய முதல் சில நிமிடம் எண் வராவிட்டால் பதற வேண்டாம். பத்து நிமிடம் கடந்தும் வராவிட்டால் நிறுத்திப் பாருங்கள்.

---

முதல்பயணம்

மூன்று பேருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அக்கா சொன்னபடி வால்வை வளைத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த மூன்றில் இரண்டின் அடியில் வட்டமாக வெடிப்பு, ஒன்றில் நகம் நுழையும் அளவுக்கு. டயர் வயதைப் பார்த்தால் எட்டு வருடம். வாங்கும்போது பட்டன் புதிதுபோல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், எண்ணைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஸ்டெப்னியோடு ஐந்து புது டயர், ஐந்து பித்தளை வால்வு, வெளியே மாட்டும் சென்சார் நான்கு, ரிப்பீட்டர் ஒன்று. சோதனையும் செய்தோம். மனைவி இருக்கையில் உட்கார்ந்தார், மகள் நடுவில் நின்று "இப்போது வலது பின்னால்!" என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கும் சரியாக அடித்தன.

முதல் பயணம் முழுக்க நான்கு எண்ணும் 87-க்கும் 90-க்கும் நடுவிலேயே இருந்தன. மலைமேல் தங்கினோம். மறுநாள் விடியற்காலை மானிட்டரைப் போட்டதும் வலது முன்டயர் 71 என்று அலாரம். மற்றவை 73, 73, 72. வெளியே 4 டிகிரி. ஊரில் 80 வைத்தபோது 26 டிகிரி இருந்தது. சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை. இது குளிரால்தானே? காற்று அடிக்கட்டுமா, அல்லது ஓடினால் தானாக ஏறிவிடும் என்று விட்டுவிடவா? கீழே இறங்கினால் மறுபடி வெயில்.

---

தூரத்துப்பாதை

எட்டு வருட டயரோடு அந்தச் சாலையில் போயிருக்கிறீர்கள், படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது தம்பி. இப்போது எல்லாம் புதிது, நிம்மதியாக இருங்கள்.

குளிர்தான். 22 டிகிரி இறங்கினால் 80 என்பது 73 ஆகும், உங்கள் நான்கு எண்ணும் அதைத்தான் சொல்கின்றன. ஒன்றிரண்டு வித்தியாசம் சென்சாரின் துல்லியத்தில் வருவது. ஆனால் குளிரால்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த டயரில் இப்போது உண்மையிலேயே காற்றழுத்தம் குறைவுதான். அன்றைய காலையில் ஆறிய டயரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கிளம்புவதற்கு முன் நான்கையும் கேஜ் வைத்து 80 ஆக்கிவிட்டுக் கிளம்புங்கள். கையடக்கக் கம்ப்ரசர் வாங்கும்போது 80-க்கு மேல் தாராளமாக ஏற்றக்கூடியதாகப் பாருங்கள், சின்னக் கார்க் கம்ப்ரசர் 50, 60-லேயே திணறும். கீழே இறங்கி ஒரு இரவு தங்கியபின், மறுநாள் விடியலில் ஆறிய டயரில் 86, 87 இருந்தால் அப்போது 80-க்கு இறக்கிக்கொள்ளலாம். வழியில் சூட்டில் வேண்டாம்.

ஸ்டெப்னிக்கு ஐந்தாவது சென்சார் ஒன்று வாங்கிப் பதிந்துவையுங்கள். எங்கள் ஸ்டெப்னி ஒருமுறை தேவைப்பட்ட அன்று 30 பிஎஸ்ஐயில் இருந்தது.